ஆயா கையில வெள்ளைக் காகிதம்: உடனே பிரிண்ட் தர்ற கேமராவும் அதோட வம்புகளும்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. “அக்கா, உடனே பிரிண்ட் வர்ற டிஜிட்டல் கேமரா ஒண்ணு வாங்கினேன், பேப்பர் வெள்ளையாவே வருது”, “கோடு கோடா வருது”, “பாதி பிரிண்ட்ல ஆஃப் ஆயிடுது”, இப்படி. இதுக்கெல்லாம் பதில் இருக்கு, சொல்றேன். ஆனா எனக்கு இந்தக் கேமரா வச்ச பெரிய வேட்டு இந்த லிஸ்ட்லயே இல்ல. அது நடந்தது புதூர்நாட்டுல. அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

புதூர்நாடு ஜவ்வாது மலை மேல, திருப்பத்தூர் மாவட்டத்துல இருக்கு. ஜோலார்பேட்டைல ரயில விட்டு இறங்கி, திருப்பத்தூர் வந்து, அங்கேர்ந்து பஸ் பிடிச்சு மலை ஏறணும். அங்க இருக்கறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். கேரளா மலையாளின்னு நினைச்சுடாதீங்க, இது மலையை ஆள்றவங்கன்ற அர்த்தத்துல வர்ற பேருன்னு அவங்க சொல்வாங்க. பேசறது தமிழ்தான். என் காலேஜ் தோழி ஒருத்திக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரு. பொங்கலுக்குக் கூப்பிட்டா, போனேன். போறப்ப பந்தாவா ஒரு கேமரா வாங்கிட்டுப் போனேன். ரெண்டாயிரம் சொச்சம் விலை, குழந்தைங்களுக்குன்னு விக்கிற வகை. க்ளிக் பண்ணா கீழேர்ந்து கறுப்பு வெள்ளைல ஒரு சீட்டு வரும்ல, அதுதான்.

அங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. போட்டோவுக்குப் பஞ்சம் இல்ல. ஆனா கையில பிடிக்கிற போட்டோ எத்தனை வீட்டுல இருக்குன்னு பார்த்தா, கல்யாண ஆல்பம் ஒண்ணு, அதை விட்டா ஆதார், ரேஷன், ஓட்டர் கார்டு. அவ்வளவுதான். அதனால என் கேமராலேர்ந்து முதல் சீட்டு வந்ததும் கூட்டம் கூடிடுச்சு. ரெண்டு நாள்ல 43 படம்.

அதுல ஒரு ஆயா. நம்ம ஊர்ப் பாட்டிய அந்தப் பக்கம் ஆயான்னுதான் கூப்பிடறாங்க. “இரு கண்ணு, சீல மாத்திக்கினு வரேன்”னு உள்ள போனாங்க. வர்றப்ப கையில அவங்க வீட்டுக்காரரோட பழைய ஓட்டர் கார்டு. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு, வேற படமே கிடையாது. கார்டை நெஞ்சுகிட்ட பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எடுத்தேன். சீட்டு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: “இது எத்தினி நாளைக்கு இருக்கும்மா?”

நான் சிரிச்சுக்கிட்டே, “இருக்கும் ஆயா, பத்திரமா வச்சுக்கோங்க”ன்னு சொன்னேன்.

இந்த இடத்துல ஒரு பழைய கதை ஞாபகம் வருது. 1943ல எட்வின் லேண்ட்ங்கிற விஞ்ஞானி அமெரிக்காவுல சாண்டா ஃபேல குடும்பத்தோட விடுமுறைல இருந்தப்ப, அவரோட சின்னப் பொண்ணு “எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியல?”ன்னு கேட்டுச்சாம். அந்தக் கேள்வியோட விடையை அவர் 1947 பிப்ரவரில நியூயார்க்ல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினார். அதுதான் போலராய்டு கேமராவோட ஆரம்பம். இந்தத் தொழிலே ஒரு குழந்தையோட ‘இப்பவே’ல ஆரம்பிச்சது. ஆயா கேட்டது அந்தப் பக்கத்துக் கேள்வி. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இல்லன்றதும் எனக்குத் தெரியல.

சரி, முதல்ல உங்க கேமரா எந்தச் சாதின்னு தெரிஞ்சுக்கோங்க. வெளியிலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ள போற பேப்பர்தான் வித்தியாசம்.

என்னோடது தெர்மல் ரோல். பெட்ரோல் பங்க்ல, மளிகைக் கடைல பில் கிழிச்சுத் தர்றாங்கல்ல, அதே பேப்பர். மை கிடையாது. பேப்பர் மேல நிறமில்லாத ஒரு சாயமும் அதைக் கறுப்பாக்கற ஒரு அமிலமும் பூசியிருப்பாங்க. சூடு பட்டா ரெண்டும் உருகிக் கலந்து கறுப்பாகும். அவ்வளவுதான் மொத்தத் தொழில்நுட்பமும்.

ரெண்டாவது, ஸிங்க் பேப்பர். இது கலர்ல வரும், 2-க்கு 3 அங்குலம், பின்னாடி உரிச்சா ஸ்டிக்கர். போலராய்டு கம்பெனிலேர்ந்து 2005ல பிரிஞ்சு வந்த கம்பெனியோட சமாச்சாரம். இதுலயும் மை இல்ல. பேப்பருக்குள்ளேயே மஞ்சள், மெஜந்தா, சியான்னு மூணு அடுக்கு. மேல இருக்கற மஞ்சளுக்கு அதிகச் சூடு, கொஞ்ச நேரம். அடியில இருக்கற சியானுக்குக் குறைஞ்ச சூடு, அதிக நேரம். நடுவுல இருக்கறதுக்கு நடுத்தரம். எவ்வளவு நுணுக்கம் பாருங்க!

மூணாவது, டிஜிட்டலா எடுத்து நிஜ ஃபிலிம்ல பிரிண்ட் போடறது. ஃபுஜிஃபிலிம் 2017ல எஸ்க்யூ10னு ஒண்ணு விட்டாங்க, அப்புறம் இன்ஸ்டாக்ஸ் மினி ஈவோ. இதுல ஸ்க்ரீன்ல பார்த்துப் பிடிச்சதை மட்டும் பிரிண்ட் போடலாம். ஃபிலிம் விலை தெரியும்ல, அதனால இது பெரிய நிம்மதி.

இப்ப வம்புகள். முழு வெள்ளையா வருதா? தெர்மல் ரோல்னா பத்துல எட்டு தடவை ரோலைத் தலைகீழா போட்டிருப்பீங்க. பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். நகத்தால சுரண்டிப் பாருங்க. கறுப்புக் கோடு விழற பக்கம்தான் சூடு பண்ற தலையைப் பார்க்கணும். நான் புதூர்நாட்டுல ரெண்டாவது ரோல் மாத்தறப்ப பதினைஞ்சு குழந்தைங்க முன்னாடி இதே தப்பைப் பண்ணேன். மூணு வெள்ளைச் சீட்டு வந்தது. ஒரு பையன், “அக்கா, இது பேயி போட்டா”ன்னான். [சிரிப்பு]

இந்த ரோல் பெரும்பாலும் 57 மில்லிமீட்டர் அகலம். பில் மெஷின் ரோலும் அதே அகலத்துல கிடைக்கும், ஆனா சுத்து பெருசா இருக்கறதால கேமராவுக்குள்ள நுழையாது. தேவையான அளவு வெட்டிச் சின்னதா சுத்திப் போட்டுக்கலாம். ஒரு கெட்டிக்காரத்தனம்னு நினைச்சுப் பண்ணேன், வேலை செஞ்சது.

நீளவாக்குல வெள்ளைக் கோடு வந்தா சூடு பண்ற தலைல தூசி. கேமராவை ஆஃப் பண்ணி, ஆற விட்டு, காது குடையற பஞ்சுக் குச்சில கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவா துடைங்க, காய விடுங்க. ஊசி, பிளேடு கிட்டவே கொண்டு போகாதீங்க. மலைப் பாதை பஸ்ல புழுதில வந்த கேமராவுக்கு இது கட்டாயம் வரும்.

பாதி பிரிண்ட்ல ஆஃப் ஆகறது பேட்டரி. படம் எடுக்க கொஞ்சம் கரண்ட் போதும், பிரிண்ட் போட ஒரே மூச்சுல நிறைய இழுக்கும். அதனால பேட்டரி பாதி காட்டறப்பவே படம் எடுக்கும், பிரிண்ட் மட்டும் சாம்பலா வரும் இல்ல நின்னு போகும். முழுசா சார்ஜ் போட்டு முயற்சி பண்ணுங்க. பேட்டரி சுத்தமா காலியானா தேதியும் அழிஞ்சுடும். அதைத் திரும்ப வைக்காம விட்டீங்கன்னா உங்க பொங்கல் படத்துல ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி 1ன்னு அச்சாகும்.

பேப்பர் சிக்கிக்கிட்டா இழுக்காதீங்க. மூடியைத் திறந்து, ரோலை எடுத்து, கசங்கின நுனியை நேரா வெட்டிட்டுத் திரும்பப் போடுங்க.

முகமெல்லாம் தாரு பூசின மாதிரி வருதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். தெர்மல்ல சாம்பல் நிறமே கிடையாது. ஒரு புள்ளி கறுப்பு, இல்லன்னா வெள்ளை. புள்ளிய நெருக்கியும் தள்ளியும் வச்சு நம்ம கண்ணை ஏமாத்துது. அகலத்துக்குப் பெரும்பாலும் 384 புள்ளிதான். அதுல ஒரு முகத்துக்கு நூறு கிடைச்சா அதிகம். வாசல்ல வெளிச்சத்துக்கு முதுகு காட்டி ஒருத்தரை நிக்க வச்சா, கேமரா வானத்தைப் பார்த்துட்டுப் படத்தை இருட்டாக்கும். நம்ம நிறத்துக்கு மிச்சம் இருக்கறது வெறும் கறுப்பு. திருப்பி நிக்க வைங்க. திண்ணை நிழல்ல உட்கார்ந்து முகம் வெளியில பார்க்கற மாதிரி இருந்தா போதும். ஒரு அடில எடுக்காதீங்க, இந்த லென்ஸெல்லாம் போக்கஸ் மாறாத வகை, கொஞ்சம் தள்ளி நின்னாதான் தெளிவு.

ராத்திரி மறந்துடுங்க. இதே ஜவ்வாது மலைலதான் காவலூர் இருக்கு. வேணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986லேர்ந்து வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அந்த அளவுக்கு நல்ல இருட்டு. நான் அந்த இருட்டுல பொங்கல் அடுப்பைப் படம் எடுத்தேன். வந்தது ஒரு கறுப்புச் சீட்டு, நடுவுல ஒரு பொட்டு.

ஸிங்க் வச்சிருக்கறவங்க, கலர் எல்லாம் பச்சையாவோ ரோஸாவோ வருதுன்னா, பேக்கட்ல 10 பேப்பரோட ஒரு நீல அட்டை வருதே, அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களான்னு யோசிங்க. அதுல பார்கோடு இருக்கும். அந்தப் பேக்கட் பேப்பருக்கு எவ்வளவு சூடு வேணும்னு கேமராவுக்குச் சொல்றதே அதுதான். பார்கோடு கீழே பார்க்கற மாதிரி, பேப்பருங்களுக்கு அடியில அதே பேக்கட்டோட அட்டையைப் போடுங்க. ரெண்டு பேக்கட்டைக் கலக்காதீங்க. அஞ்சாறு பிரிண்ட் தொடர்ந்து போட்டா சூடாயி நிக்கும், அது பழுது இல்ல.

ஃபிலிம் வகைக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, பின்மூடியைத் திறக்காதீங்க. உள்ள இருக்கற ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு, சூடும் குளிரும். இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் 5லேர்ந்து 40 டிகிரிக்குள்ள வேலை செய்யறதுக்குன்னு செஞ்சது. மார்கழி காலைல மலை மேல படம் மங்கலா வந்தா, வந்த உடனே சட்டை உள் பாக்கெட்டுல வச்சு ஒன்றரை நிமிஷம் பொறுங்க. அதைவிட ஆபத்து கீழ இருக்கு. வேலூர், திருப்பத்தூர் பக்கம் ஏப்ரல் மே வெயில்ல ஜன்னலோரம் பையை வச்சீங்கன்னா மலை ஏறறதுக்குள்ள ஃபிலிம் வெந்துடும். அப்புறம், ஆட்டாதீங்க. ஆட்டறதால ஒண்ணும் சீக்கிரம் வராது.

இப்ப ஆயாகிட்ட திரும்பப் போலாம்.

ஆகஸ்ட்ல தோழியோட மறுபடி போனேன். இறங்கின உடனே குழந்தைங்க “பேயி போட்டா அக்கா”ன்னு ஓடி வந்தாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் அந்தச் சீட்டு எங்கன்னு பார்த்தேன். ஒரு வீட்டுல அடுப்புக்குப் பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. அது முழுக்கச் சாம்பலாகி யாருன்னே தெரியல. சூடு பட்டா கறுக்கற பேப்பர்தானே, அது தன் வேலையைச் செஞ்சிருக்கு. ஒரு பொண்ணு நோட்டுல செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தா. டேப் இருந்த இடம் மட்டும் பட்டையா அழிஞ்சு, அவ தலையும் காலும் இல்ல.

ஆயா, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்தாங்க. வீட்டுலயே பத்திரமான இடம் அதுதான். உள்ளேர்ந்து எடுத்து நீட்டினாங்க. வெள்ளைக் காகிதம். சுத்தமா ஒண்ணுமே இல்ல. பிளாஸ்டிக் கவரை வளையற மாதிரி ஆக்கறதுக்கு ஒரு எண்ணெய் மாதிரிப் பொருள் கலப்பாங்க. அது மெல்லக் கசிஞ்சு தெர்மல் சாயத்தை அழிச்சுடும். பில்லைப் பர்ஸுக்குள்ள வச்சு வாரன்ட்டிக்குப் போய் நின்னவங்களுக்கு இது தெரியும். கை எண்ணெய், சானிடைசர், வெயில், எல்லாமே இதுக்கு எதிரி.

ஆயா என்னைத் திட்டல. “நான் எங்கியும் வெக்கல கண்ணு, கவர்லயேதான் வெச்சிருந்தேன். எப்புடி ஓடிப்போச்சுன்னு தெரியல”ன்னாங்க. அவங்க தப்பு பண்ணிட்டதா நினைச்சு எனக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பத்திரமா வச்சுக்கோங்கன்னு சொன்னது நான். அவங்க அதைத்தான் செஞ்சாங்க. அந்தப் பேப்பருக்குப் பத்திரம்னா என்னன்னு எனக்கே தெரியாம சொல்லியிருக்கேன்.

பரவால்ல, டிஜிட்டல் கேமராதானே, படம் கார்டுல இருக்கும்னு நினைப்பீங்க. இருந்திருக்கணும். ஜூன்ல அந்தக் கேமரா ‘கார்டு இல்லை’ன்னு காட்டுச்சு. நான் ஃபார்மட்னு அழுத்திட்டு வேலையைப் பார்த்தேன். அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல காப்பி எடுக்கல. அதுக்கப்புறம் பெங்களூர்ல கொஞ்சம் படம் வேற எடுத்தேன்.

இது உங்களுக்கு நடந்தா என்ன பண்ணணும்னு கேளுங்க. கார்டு இல்லைன்னு காட்டினா முதல்ல ஆஃப் பண்ணி, கார்டை எடுத்து, அதோட தங்கக் கால்களை உலர்ந்த துணில துடைச்சுத் திரும்பப் போடுங்க. பல தடவை அது போதும். இல்லன்னா கம்ப்யூட்டர்ல போட்டுப் படங்களை எடுத்துட்டு, அப்புறம் கேமராலயே ஃபார்மட் பண்ணுங்க. இந்த வகைக் கேமராக்களுக்குப் பெரும்பாலும் 32 ஜிபி வரைதான் ஒத்து வரும். தெரியாம ஃபார்மட் பண்ணிட்டீங்களா? அந்தக் கார்டுல ஒரு படம்கூட மேல எடுக்காதீங்க. ஃபார்மட் பெரும்பாலும் பொருளடக்கத்தைத்தான் கிழிக்கும், பக்கங்கள் அப்படியே இருக்கும். புதுசா எழுதினாதான் பழசு போகும். ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. கார்டை கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டி, மீட்கற படங்களை வேற டிஸ்க்ல சேமிக்கணும்.

சென்னை வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். 43ல 31 வந்தது. கோப்புப் பேரெல்லாம் போய், எண்களா வந்துச்சு. ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டே போனேன். இருபத்தி எத்தனையாவதோ ஒண்ணுல ஆயா. கலர்ல. கேமரா எப்பவும் கலர்லதான் எடுத்து வச்சிருந்துச்சு, சீட்டுதான் கறுப்பு வெள்ளை. அவங்க சேலை மாம்பழ மஞ்சள்னு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது.

பெட்டில 48 மெகாபிக்சல்னு போட்டிருந்தாலும் அது ஊதிப் பெருசாக்கினதுதான். ஆனா 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் சொச்சம் இருந்தாலே தாங்கும். முகத்துல கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி, திருப்பத்தூர்ல ஒரு ஸ்டுடியோல கொடுத்து நிஜ போட்டோ பேப்பர்ல போட்டேன். ஒரு படத்துக்கு ஒரு டீ காசுக்குக் கொஞ்சம் மேல. ஓட்டர் கார்டுல இருந்த தாத்தா முகம்கூட, உத்துப் பார்த்தா, இருந்தது.

வராத 12ல பத்து பேரைத் திரும்ப நிக்க வச்சு எடுத்துட்டேன். ஒரு குடும்பம் வேலைக்குத் திருப்பூர் போயிட்டாங்க. இன்னொருத்தர் ஒரு பெரியவர். ஆடில இறந்துட்டாரு. அவர் வீட்டுல சீட்டைக் கண்ணாடி சட்டத்துல சொருகி வச்சிருந்தாங்க, மதியம் வெயில் விழற இடம். மஞ்சளா, எங்கயோ ஒரு நிழல் மாதிரி இருந்தது. வாசலுக்குக் கொண்டு வந்து, வெளிச்சம் சாய்ஞ்சு விழற மாதிரி வச்சு, போன்ல பத்துப் பன்னெண்டு படம் எடுத்தேன். கான்ட்ராஸ்ட்டை ஏத்திப் பார்த்தேன். முகம் வரல. தோள் வந்தது, தோள்ல போட்டிருந்த துண்டோட கரை வந்தது. அவர் பையன்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. “இது அப்பாதான், துண்ட இப்புடிதான் போடுவாரு”ன்னாரு. அதையே பிரிண்ட் போட்டுக் கொடுக்கச் சொன்னாரு. கொடுத்தேன்.

இணையத்துல அழிஞ்ச தெர்மல் பேப்பரை லேசா சூடு காட்டினா எழுத்து திரும்ப வரும்னு வீடியோ இருக்கு. பில்லுல சில சமயம் வரும். சூடு கொஞ்சம் அதிகமானா பேப்பர் முழுக்கக் கறுத்துடும். வேற காப்பி இல்லாத படத்துல அந்த விளையாட்டு வேணாம்.

இப்ப நான் அந்தக் கேமராவைத் தூக்கிப் போடல. குழந்தைங்களுக்கு அந்தச் சீட்டு வெளியில வர்ற நிமிஷம்தான் சந்தோஷம், அது இருக்கட்டும். சீட்டு கொடுக்கறப்ப, “இது ஆறு மாசம் தாங்கினா அதிகம், கெட்டி பிரிண்ட் பின்னாடி வரும்”னு சொல்லிடறேன். ஒரு நோட்டுல யார் வீடு, எத்தனையாவது படம்னு எழுதிக்கறேன். அன்னைக்கு ராத்திரியே கார்டைப் போன்ல காப்பி எடுத்துடறேன். உங்ககிட்ட ஏற்கெனவே தெர்மல் சீட்டுங்க இருந்தா, இந்த எபிசோட் முடிஞ்ச உடனே ஒவ்வொண்ணையும் போன்ல ஒரு படம் எடுத்து வைங்க. சீட்டைப் பிளாஸ்டிக் கவர்ல இல்ல, காகித உறையில, பீரோ உள்ள இருட்டுல வைங்க.

நவம்பர்ல பிரிண்டுங்களை எடுத்துட்டு மலை ஏறினேன். மழை, பஸ் லேட்டு. ஆயா கலர் படத்தை வாங்கி முதல்ல நகத்தால மெல்லச் சுரண்டிப் பார்த்தாங்க. அப்புறம் கவரை எடுத்தாங்க. நான், “ஆயா, இத கவர்ல வெக்கலாம், ஒண்ணும் ஆகாது”ன்னேன். “வேணாம்மா”ன்னு சொல்லிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிக்கப் பேரனைக் கூப்பிட்டாங்க.

உங்க கேமரா வம்புகளைத் தொடர்ந்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.